வேலிக்குள் ஒரு வனம்

"ஏண்டா, காட்டுக்குள்ளே போவதற்கும் காசா?" என்று என் தாயார் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தினசரிப் பத்திரிகையின் மடிப்புக்குள்ளிருந்து வர்ண நோட்டீஸ் ஒன்று விழுந்தது. ஓசூருக்கு அப்பால், தனியார் ஒருவருக்குச் சொந்தமான காட்டில், 'ஆண்டு முழுவதும் வனவாசம்' செய்யலாம் என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பகல் பொழுதுக்குத் தலைக்கு இவ்வளவு, சாப்பாட்டுடன் இவ்வளவு, இரவு கூடாரத்தில் தங்க இவ்வளவு, குழந்தைகளுக்குப் பாதி. என் மகள் அதை உரக்கப் படித்தாள். அதைக் கேட்டுத்தான் என் தாயார் அப்படி வினவினார்.

அவருக்கு வயது எழுபதுக்கு மேலாகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய சிறு வயதில் காடு என்பது போகவேண்டிய இடமாக இருந்ததில்லை; வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் காடுதான். நெல்லிக்காயும் புளியும் விறகும் துடைப்பப் புல்லும் அங்கிருந்துதான் வந்தன. "ராமச்சந்திர மூர்த்தியைப் பதினான்கு வருஷம் காட்டுக்கு அனுப்பியதைத் தண்டனை என்று சொன்னார்கள். இப்போது பணம் கட்டிக்கொண்டு போகிறீர்கள். அன்றைக்கே இது தெரிந்திருந்தால் கைகேயி தசரதரிடம் கட்டணமும் வாங்கியிருப்பாள்!" என்று சொல்லிவிட்டு, அவர் பூஜைக்கு எழுந்து போய்விட்டார்.

ஆனாலும் போனோம். மனைவியும் மகளும் விரும்பினார்கள். பள்ளிக்கூடத்து உபாத்தியாயரான எனக்கும் சில நாட்களாகவே மரங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் இருந்தது. அங்கே கண்டதைப் பற்றியும், அதன் பிறகு வேறோர் இடத்தில் கண்டதைப் பற்றியும், இரண்டுக்கும் நடுவே என் மாணவன் ஒருவன் என்னைக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றியும் இந்த வாரம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

* * *

முதலில், எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காட்டின்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்பதைச் சொல்லவேண்டும்.

ஓசூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. பக்கத்துத் தளிக்கு 'குட்டி இங்கிலாந்து' என்றே ஒரு பட்டப் பெயர் உண்டு. வெள்ளைக்காரர்கள் அதன் குளிர்ச்சியைக் கண்டு வைத்த பெயர் என்பார்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. பிறகு லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியாகத் தொடங்கின. இங்கே மலரும் ரோஜாப்பூக்கள் ஆகாய விமானத்தில் ஏறி அயல்நாடுகளுக்குப் போகின்றன. கிருஷ்ணகிரி மாம்பழம் கூழாகி டின்களில் அடைபட்டுக் கப்பலேறுகிறது. எல்லைக்கு அப்பால் பெங்களூரு நகரம் வருஷத்துக்கு வருஷம் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசும் இந்தச் சீமையில், இப்போது நான்காவது பாஷையாக இயந்திரத்தின் இரைச்சலும் சேர்ந்துவிட்டது. மூன்று ஷிப்டுகளில் ஏதோ ஒன்றில் வேலை பார்த்துவிட்டு வருகிறவன், வாரத்தில் ஒரு நாளாவது மரநிழலில் உட்கார ஆசைப்படுவதில் தவறு சொல்ல முடியுமா?

இந்த ஜில்லாவில் காட்டுக்குப் பஞ்சமில்லை. 2014-ஆம் ஆண்டில் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும், 2022-ஆம் ஆண்டில் அதன் தெற்கே காவேரி தெற்கு சரணாலயமும் ஏற்பட்டன. முன்னது ஏறக்குறைய 504 சதுர கிலோமீட்டர். பின்னது ஏறக்குறைய 686. ஆனால் சர்க்கார் காட்டுக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. அதற்கு அனுமதி வேண்டும். அது சரியான ஏற்பாடும்கூட. 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேனி ஜில்லா குரங்கணி மலையில் தீக்குள் அகப்பட்டு இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காய்ந்த புல்லுக்கு விடுமுறைக்கு வந்தவர் யார், வேலைக்கு வந்தவர் யார் என்பது தெரியாது.

சர்க்கார் காடு அருமையாகவும், நகரத்தின் ஆசை பெரிதாகவும் இருக்கும்போது, இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று முளைப்பது இயல்புதான். தனியாருக்குச் சொந்தமான காடு அப்படித்தான் எங்கள் பக்கத்திலும் முளைத்திருக்கிறது.

* * *

நாங்கள் முதலில் போன இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே எங்களை யாரும் அவமரியாதையாக நடத்தவில்லை. காப்பியும் நன்றாகவே இருந்தது.

வாசலில் பெரிய வளைவு. உள்ளே நுழைந்ததும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்தரை. அது வெளியூர்ப் புல். தினந்தோறும் அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். நீந்துவதற்கு ஒரு குளம். அதைச் சுற்றி ஒலிபெருக்கிகள். மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதில் வாலிபர்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். இவற்றுக்கெல்லாம் பின்னால் உண்மையான காடு இருந்தது. உசில மரமும் வெக்காலியும், புங்கனும் கொன்றையும், அங்கங்கே மூங்கில் புதரும் நின்றன. ஆனால் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. ஒலிபெருக்கிக்குப் பயந்து பறவைகள் அங்கே குடியேறியிருந்தன. பறவைகளுக்குப் பின்னாலேயே நானும் போனேன்.

மரங்களுக்கு அடியில் மனிதன் நுழைய முடியாதபடி உன்னிச்செடி அடர்ந்து கிடந்தது. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் அந்தச் செடியை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளிலிருந்து, தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது அது. வேலியைத் தாண்டி ஓடி, இன்று நம் காடுகளில் புல்லையும் இளங்கன்றுகளையும் மூச்சுத் திணற வைத்துக்கொண்டிருக்கிறது. உல்லாசத்துக்காகக் காட்டுக்குள் கொண்டுவரும் பொருள் எங்கே போய் முடியும் என்பதற்கு, அது நூறு பக்கம் எழுதவேண்டிய பாடம்.

உன்னிப் புதருக்கு அப்பால் கம்பி வேலி. வேலிக்கு வெளியே ஏழெட்டு ஆடுகள். ஆடுகளுக்கு நடுவே, என் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, கையிலிருந்த கோலைக் கீழே போட்டான். பிறகு வணக்கம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டியின் ஆடுகளை மேய்ப்பது அவன் வேலையாம். சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நான் நின்ற பக்கத்து மரங்களைச் சுட்டிக்காட்டி ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டேன். தயங்காமல் சொன்னான். சிலவற்றுக்குத் தமிழ்ப் பெயரும் கன்னடப் பெயரும் இரண்டுமே சொன்னான். எந்தப் பட்டை காய்ச்சலுக்கு ஆகும், எந்த விறகு புகையாமல் எரியும், எந்தப் பழத்துக்குக் கரடி வரும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. விஞ்ஞானப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பது வாங்கும் பிள்ளை அவன். முப்பது கொடுத்தவன் நான்.

புறப்படும்போது அவன் கேட்டான்: "சார், இந்தக் காட்டுக்குள்ளே எங்க பாட்டி எப்பவும் சுள்ளி பொறுக்கும். இப்போ போனா வாட்ச்மேன் விரட்டறார். நீங்க காசு கொடுத்தா விடறார். நாங்க காசு கொடுத்தா விடுவாரா சார்?"

வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், 'நாளைக்குச் சொல்கிறேன்' என்பது எங்கள் தொழிலில் வழக்கம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன்.

* * *

நாளைக்குச் சொல்வதற்காகச் சில புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். காடு ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியுமா என்ற கேள்வி நம் ராஜ்யத்துக்குப் புதிதல்ல என்று தெரிந்தது.

சுதந்திரம் வந்ததும் சென்னை ராஜ்யத்தில் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அது 1948-ஆம் ஆண்டுச் சட்டம். ஜமீன்கள் கைமாறப்போகின்றன என்று தெரிந்தவுடன், காடு வைத்திருந்தவர்களில் பலர் கோடரிக்காரர்களை அழைத்தார்கள். நிலம் போனாலும் மரத்தின் விலையாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. இதைத் தடுக்க 1949-ஆம் ஆண்டில் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் கீழ் வரும் காட்டின் சொந்தக்காரர், கலெக்டரின் முன் அனுமதி இல்லாமல் அந்தக் காட்டை விற்கவோ மரங்களை வெட்டவோ கூடாது என்று ஏற்பட்டது. நூல் நூற்கிறவனுக்குத் தன் சேலையை விற்க யாருடைய அனுமதியும் வேண்டாம், காட்டுக்காரனுக்கு வேண்டும். காடு மற்றச் சொத்துகளைப் போன்றதல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டதாக இதற்கு அர்த்தம்.

அதைவிட முக்கியமான விஷயம் அந்தச் சட்டத்தின் முகவுரையில் இருக்கிறது. அதன் நோக்கங்கள் இரண்டு. காடுகள் கண்மூடித்தனமாக அழிக்கப்படுவதைத் தடுப்பது ஒன்று. அக்காடுகளில் ஜனங்களுக்கு வழக்கத்தாலும் நீண்டகால அனுபவத்தாலும் ஏற்பட்ட உரிமைகளில் யாரும் குறுக்கிடாமல் தடுப்பது மற்றொன்று. மரத்தையும் சுள்ளி பொறுக்கும் பாட்டியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து நினைத்துப் பார்த்த அந்தச் சட்டம் இயற்றியவர்களுக்கு நான் மானசீகமாக நமஸ்காரம் செய்தேன். என் மாணவன் சொன்ன காடு அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்பது வக்கீல்களின் விஷயம். ஆனால் அதன் நியாயம் வேலி போட்ட எந்தக் காட்டுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், அதே 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் இதைப்போன்ற ஒரு சட்டம் வந்தது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு. மாஞ்செஸ்டர் நகரத்துக்கு அருகில் கிண்டர் ஸ்கவுட் என்று ஓர் உயர்ந்த பாழ்வெளி இருக்கிறது. பிரபுக்கள் பறவை வேட்டைக்காக அதை அடைத்து வைத்திருந்தார்கள். 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, பஞ்சாலை நகரத்து இளைஞர்கள் சில நூறு பேர், காவலாளிகள் தடுத்தும் கேளாமல் அந்த மேட்டில் ஏறி நடந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறைவாசம் கிடைத்தது. உப்புக் காய்ச்சியதற்கு நம்மவர்கள் சிறை சென்ற இரண்டே ஆண்டுகளில், அங்கே புல்லில் நடந்ததற்குச் சிறை சென்றார்கள். பிற்பாடு 1949-இல் தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் அங்கே சட்டம் வந்தபோது, அந்த நடையை எல்லோரும் நினைவுகூர்ந்தார்கள்.

ஜெர்மனியில் காடுகளில் ஏறக்குறையப் பாதி தனியாருக்குச் சொந்தம். ஆனால் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி, களைப்பாற நடப்பதற்காக யாரும் அவற்றுக்குள் போகலாம். ஸ்வீடன் தேசத்திலோ, அயலார் நிலத்தில் நடக்கவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறித்துக்கொள்ளவும் ஒவ்வொருவருக்கும் பரம்பரை உரிமை உண்டு. வீட்டு முற்றத்துக்கு அருகே போகக்கூடாது, எதையும் சேதப்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். அங்கே காட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. காட்டில் நடப்பதற்குச் சொந்தக்காரர் இல்லை.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்துவிடலாமா என்றால், முடியாது. ஸ்வீடன் காட்டில் யானை இல்லை.

* * *

எங்கள் பக்கத்தில் யானை உண்டு. ஆண்டுதோறும் கேழ்வரகுக் கதிர் முற்றும் காலத்தில், ஐப்பசி, கார்த்திகையிலிருந்து மாசி வரையில், பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் புறப்பட்டு, தளி, ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. அங்கிருந்து பிரிந்து சில கூட்டங்கள் ஓசூருக்குப் பக்கத்திலுள்ள சானமாவு காடு வரையில் போகின்றன. தேசிய நெடுஞ்சாலையை அவை இரவில் கடக்கும்போது இருபுறமும் லாரிகள் வரிசையாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். 1980-களில் இந்தக் காடுகளிலிருந்து கிழக்கே சென்ற யானைகள், ஆந்திரத்துச் சித்தூர் ஜில்லா வரையில் போய் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்காக அங்கே கௌண்டின்யா சரணாலயம் ஏற்படுத்தினார்கள்.

ஒரு கூட்டம் மூன்று ராஜ்யங்களில் நடக்கிறது. அதன் பாதையில் இன்று எத்தனை வேலிகள் என்று எண்ணிப் பாருங்கள். கேழ்வரகு விளைவித்த குடியானவன், பனியில் பரண்மேல் உட்கார்ந்து தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கிறான். அவன் கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஓர் இரவில் ஒரு வருஷத்துச் சோறு போய்விடும். ஆனால் மின்சாரத்தை நேராகக் கம்பியில் பாய்ச்சுகிற வேலி வேறு விஷயம். 2023-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி, பக்கத்துத் தர்மபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் பிழைத்து, தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தன. அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்த என் மகள் அன்று சாப்பிட மறுத்துவிட்டாள். அதே ஆண்டில் தமிழ்நாடு சர்க்கார் மின்வேலிகளைப் பதிவு செய்யவேண்டும் என்று விதிகள் செய்தது.

இப்போது அந்த வர்ண நோட்டீஸை மறுபடி எடுத்துப் பாருங்கள். 'ஆண்டு முழுவதும்' என்று போட்டிருந்தது அல்லவா? எங்கள் ஊரில் வானம் தெளிந்து, பனி இறங்கி, உல்லாசப் பிரயாணிகள் அதிகமாக வரும் மாதங்கள் எவை? மார்கழியும் தையும்தான். யானைகள் வரும் மாதங்களும் அவையே. இருவருக்கும் ஒரே வழி, ஒரே பருவம். பணம் கட்டியவருக்கு வாசல் திறந்திருக்கிறது. பணம் கட்டாத யானைக்கு?

* * *

இந்த மன நிலையில்தான், சென்ற ஆடி மாதத்தில் இன்னோர் இடத்துக்குப் போனேன். அதன் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம். தளிக்கு அப்பால், கும்ளாபுரம் கிராமத்தைச் சேர்ந்த கங்கனஹள்ளி என்ற சிற்றூரில் 'நவதர்சனம்' என்ற தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. காந்தீயச் சிந்தனையில் ஈடுபட்ட சில நண்பர்கள் 1990-களின் தொடக்கத்தில் ஏற்படுத்தியது. சர்க்கார் காட்டை ஒட்டி, நூறு ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம். அவர்கள் வாங்கியபோது, வெட்டியும் மேய்த்தும் தேய்ந்துபோன வறண்ட பூமி அது.

அவர்கள் செய்த வேலை விசித்திரமானது. ஒன்றும் செய்யாமல் இருப்பதே முக்கியமான வேலை என்று தீர்மானித்தார்கள். வெட்டுவதையும் மேய்ப்பதையும் நிறுத்தினார்கள். மழைத் தண்ணீரை ஓடவிடாமல் தேக்கினார்கள். மற்றதை மண்ணுக்கே விட்டுவிட்டார்கள். செத்துப்போனதாக நினைத்த அடிக்கட்டைகளுக்குக் கீழே வேர் உயிரோடிருக்கும். ஆட்டின் வாய் எட்டாமல் நான்கு மழைக்காலம் கிடைத்தால் அது தானே தளிர்க்கும். பட்சிகள் எங்கிருந்தோ விதை கொண்டுவரும். முப்பது வருஷங்களில் அங்கே காடு திரும்பி வந்துவிட்டது. யானைகளும் வந்து போகின்றன.

நான் போனபோது ஆடிக்காற்று வீசிக்கொண்டிருந்தது. மண்ணாலான எளிய வீடுகள். சூரிய வெளிச்சத்திலிருந்து எடுத்த கொஞ்சம் மின்சாரம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு இடம் உண்டு. வேடிக்கை காட்ட ஒன்றுமில்லை. நடக்கலாம், உட்காரலாம், பேசாமல் இருக்கலாம். ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் காற்று எத்தனை விதமாகப் பேசுகிறது! உசில மரத்தின் சிறு இலைகளில் அது சலசலக்கும் ஓசை வேறு. மூங்கிலில் உராய்ந்து முனகும் ஓசை வேறு. இருட்டிய பிறகு வெளியே வந்தால், எங்கள் ஓசூரில் காணாமற்போன நட்சத்திரங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வடக்கே பெங்களூருவின் வெளிச்சம் மட்டும் விடியற்காலை போல அடிவானத்தில் மங்கலாகத் தெரிந்தது.

சுற்றுக் கிராமத்துப் பெண்கள் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து, தானியங்களிலிருந்து மாவும் தின்பண்டங்களும் தயாரித்து நகரத்தில் விற்பதற்கு அந்த ஸ்தாபனம் துணை நிற்கிறது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால், என் மாணவனின் கேள்வி இங்கேயும் என்னைப் பின்தொடர்ந்து வந்தது. மேய்ச்சலை நிறுத்தாமல் காடு வளராது, அது உண்மை. ஆடு அழகான பிராணி. ஆனால் இளங்கன்றுக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை. ஆகவே ஆட்டை வெளியே நிறுத்துகிறவர், ஆட்டுக்காரருக்கு வேறொரு வழி காட்டக் கடமைப்பட்டவர். வேலியை மட்டும் போட்டுவிட்டு, வழியைக் காட்டாதிருப்பது பாதி தர்மம். பாதி தர்மம் என்பது முழு அதர்மத்துக்கு வெகு சமீபம்.

சொத்து வைத்திருப்பவர் அதற்குத் தர்மகர்த்தாவாக இருக்கவேண்டும் என்று மகாத்மா வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். ஆலைகளுக்கும் மாளிகைகளுக்கும் அது சாத்தியமா என்று பலர் சிரித்தார்கள். ஆனால் காட்டின் விஷயத்தில் வேறு வழியே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது நிலத்தின் நான்கு எல்லைகளைத்தான். அந்த எல்லைக்குள் இறங்கும் மழை, அதைத் தாண்டி ஓடும் ஓடை, வந்து போகும் யானை, விதை சுமக்கும் பட்சி ஆகியவற்றைப் பத்திரத்தில் எழுத ரிஜிஸ்தர் ஆபீஸில் இடம் கிடையாது. நிலத்தை விலைக்கு வாங்கலாம். காட்டை ஒப்புக்கொண்டு நிர்வகிக்கத்தான் முடியும். கோயில் தர்மகர்த்தாவுக்குச் சாவி உண்டு. ஆனால் சுவாமி அவருடையதல்ல. ஊர்க்காரர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தவும் அவருக்கு அதிகாரம் இல்லை. நடுச்சாமத்தில் நடையைத் திறக்கும்படி ஒரு தனவந்தர் கேட்டாலும் அவர் திறக்கமாட்டார். சுவாமிக்கும் பள்ளியறை நேரம் உண்டு.

அந்த நேரம் காட்டுக்கும் உண்டு. பங்குனி, சித்திரையில் சருகு உதிர்ந்து ஒரு பொறிக்காகக் காத்திருக்கும் வாரங்கள். கார்த்திகை, மார்கழியில் யானைகள் நடக்கும் இரவுகள். மழை விழுந்ததும் முளை கிளம்பும் நாட்கள். ஆண்டு முழுவதும் காட்டுக்குப் போகலாம் என்பது சரிதான். ஒவ்வொரு பருவத்திலும் அது ஒவ்வொரு முகம் காட்டும். ஆனால் ஆண்டின் எல்லா நாளும், எல்லா மூலைக்கும், எல்லா நேரத்திலும் போகலாம் என்பது அதே சொற்களில் ஒளிந்திருக்கும் வேறு சங்கதி.

ஆகையால், தனியார் காட்டுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போகும் நேயர்களுக்கு ஓர் உபாத்தியாயரின் யோசனை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். யானை வந்தால் எந்த வழியாகப் போகும்? இந்த ஊர்க்காரர்கள் எந்த வழியாக உள்ளே வருகிறார்கள்? வருஷத்தில் எந்த நாட்களில் மூடி வைக்கிறீர்கள்? மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய இடமானால், கேட்டதைக் கொடுங்கள். அந்தப் பணம் நல்ல இடத்துக்குப் போகிறது. விடை சொல்ல முடியாத இடமானால், அது மரங்கள் நட்ட ஒரு ஹோட்டல். அங்கே காப்பி குடித்துவிட்டு வரலாம். காட்டைப் பார்த்தோம் என்று மட்டும் குழந்தைகளிடம் சொல்லவேண்டாம்.

நமக்கும் கடமை இல்லாமலில்லை. கொண்டுபோன காகிதத்தையும் பிளாஸ்டிக் உறையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். கைத்தொலைபேசியிலிருந்து பாட்டு கேட்பதற்குக் காடு எதற்கு? குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது புண்ணியம் என்று நினைக்கிறோம். மறுநாள் அது நம் சிற்றுண்டியைத் தேடிச் சாலையில் காத்திருந்து வண்டியில் அடிபடுகிறது.

* * *

திங்கட்கிழமை வகுப்பில் என் மாணவனுக்கு விடை சொன்னேன். "உன் பாட்டிக்கு அங்கே நியாயம் இருக்கிறது. எனக்கு இருக்கும் உரிமையை நான் காசு கொடுத்து வாங்கினேன், பாட்டியின் உரிமை அதைவிடப் பழையது" என்றேன். அவன் யோசித்துவிட்டு, "அதை வாட்ச்மேன்கிட்டே நீங்க சொல்லுவீங்களா சார்?" என்று கேட்டான்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரிவதில்லை.

ஆகவே, அந்த முதல் காட்டின் சொந்தக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்த 365 நாட்களில் ஒரு நாளை எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுங்கள். மரங்களின் பெயரை உங்கள் விருந்தாளிகளுக்குச் சொல்லிக் காட்ட எங்களில் ஒரு பையன் இருக்கிறான். வாரத்தில் ஒரு நாள் வேலியோரத்துப் பாட்டிமார் சுள்ளி பொறுக்கிக்கொள்ள அனுமதியுங்கள். காய்ந்த சுள்ளி குறைந்தால் உங்கள் காட்டுக்குத் தீ பயமும் குறையும். தை மாதம் வரையில் இரவில் விளக்குகளை அணைத்து, சானமாவுப் பக்கத்து வேலியில் வழி விடுங்கள்.' இவ்வளவுதான் எழுதினேன்.

என் தாயாரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. அவன் பதில் எழுதுவானா?" என்றார்.

மூன்று வாரமாகிறது. தபால்காரர் தினமும் வருகிறார். என் மாணவனும் தினமும் கேட்கிறான். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் நானே நேரில் போவதாக இருக்கிறேன். இந்தத் தடவை வாசலில் சீட்டு வாங்குவதற்காக அல்ல. கூட அந்தப் பையனும் வருகிறான்.